சுவரில் ஒட்டிய சர் பட்டம்

அந்த இங்கிலீஷ் பாடகர் வாங்கிய பரிசுகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் மூச்சு விடாமல் சொல்லுவேன். எந்த ஆல்பத்துக்குத் தங்க இசைத்தட்டு, எந்தப் பாட்டுக்கு வருஷத்தின் சிறந்த பாட்டு என்ற விருது, எந்தப் பல்கலைக்கழகம் கூப்பிட்டு டாக்டர் பட்டம் கொடுத்தது, கடைசியில் அரண்மனையில் முழங்காலிட்டு வாங்கிய சர் பட்டம் வரைக்கும். ஆசைப்பட்டுப் படித்ததில்லை. அவர் பாட்டில் பாதி வார்த்தை எனக்கு அப்போதும் புரியாது, இப்போதும் புரியாது. எங்காவது ஓட்டலில் அவர் பாட்டைப் போட்டுவிட்டால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வந்துவிடுவேன். வீட்டில் இதையும் என் கிறுக்குகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். சேர்த்துக்கொள்ளட்டும்.

அந்தப் பட்டியலை எனக்குள் ஏற்றியவன் என் நண்பன். பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் பி.ஏ. படித்தோம். படித்து முடித்ததும் நான் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் ஜங்ஷனில் ஒரு காசெட் பதிவுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வெற்றுக் காசெட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து கொடுக்கிற கடை. அவனுக்குச் சொந்த ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு கத்தோலிக்க ஊர். அப்பா தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர். ஒரு பயணத்தில் அவர் கொண்டுவந்த காசெட்டில்தான் இவன் அந்த வெள்ளைக்காரர் குரலை முதன்முதலாகக் கேட்டானாம். அப்பா இறந்த பிறகு அம்மாவும் கல்யாணமாகாத இரண்டு அக்காமாரும் இவன் கையை எதிர்பார்த்து இருந்தார்கள்.

நன்றாகப் பாடுவான். நண்பன் என்பதற்காகச் சொல்லவில்லை. கடற்கரைக் கல்யாணங்களில் கேக் வெட்டும்போது இங்கிலீஷ் பாட்டு பாட ஆள் வேண்டும். ஒரு மெல்லிசைக் குழு அவனை அதற்காக வைத்திருந்தது. அந்தப் பாடகரின் பாட்டை இவன் எடுத்தால் பந்தியில் இருப்பவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அவனுக்கு அதில் நிறைவில்லை.

"லே, அவரே எழுதுதாரு, அவரே மெட்டுப் போடுதாரு, அவரே பாடுதாரு. நடுவுல எவனும் கெடையாது. நம்ம பக்கத்துல இப்படி ஒருத்தனக் காட்டு பாப்போம்" என்பான்.

காட்டுவதற்கு அவனே இருந்தான். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பதினோரு பாட்டு எழுதி, பதினொன்றுக்கும் மெட்டுப் போட்டு வைத்திருந்தான். கடலைப் பற்றி இரண்டு, அக்காவைப் பற்றி ஒன்று, மீதி யாரைப் பற்றி என்று சொல்லமாட்டான். குழுவின் முதலாளியிடம் ஒருமுறை தன் பாட்டில் ஒன்றைப் பாடட்டுமா என்று கேட்டிருக்கிறான். "கல்யாண வீட்டுல உம் பாட்ட எவம்ல கேட்டான்? தெரிஞ்ச பாட்டப் பாடிட்டு எறங்கு" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பதினோரு பாட்டையும் கேட்டவன் நான் ஒருவன்தான். வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஆற்று மணலில் உட்கார்ந்து சாயங்காலங்களில் பாடுவான். நான் வேர்க்கடலை தின்றுகொண்டு கேட்பேன்.

எங்கள் ஊரில் ஒருவரைப் பிடித்துவிட்டால் மன்றம் வைத்துத்தான் தீரவேண்டும். நாங்களும் வைத்தோம். அந்த இங்கிலீஷ்காரருக்கு நெல்லை மாவட்ட ரசிகர் மன்றம். தலைவர் அவன், செயலாளர் நான், உறுப்பினர் ஒருவரும் இல்லை. கடையின் மூலையில் ஒரு சின்னத் தகர போர்டுகூட மாட்டியிருந்தான். பாட்டுப் பதிய வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். "யாருவே இந்தத் தொர? உமக்குச் சொந்தக்காரரா?" என்று கேட்பார்கள். அவன் கோபப்படமாட்டான். முதல் பரிசிலிருந்து ஆரம்பித்துவிடுவான்.

அப்படி இருக்கும்போதுதான் துபாய் சங்கதி வந்தது. குழுவில் கீபோர்டு வாசித்த ஒருவன் அங்கே ஒரு ஓட்டலில் சேர்ந்திருந்தான். பாட ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்க, இவன் குரலை ஒரு காசெட்டில் பதிந்து அனுப்பச் சொன்னான். அனுப்பினோம். மூன்று வாரத்தில் பதில் வந்துவிட்டது: எடுத்துக்கொண்டோம், மாத முடிவுக்குள் வந்து சேர வேண்டும். அதைவிட முக்கியம், தினமும் ஒரு பாட்டு சொந்தப் பாட்டாகப் பாடிக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். கடிதத்தில் அந்த ஒரு வரிக்குக் கீழே அவன் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தான். என்னிடம் அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினான்.

பாஸ்போர்ட்டுக்கு ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தான். ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. போலீஸ் விசாரணை. இந்த ஆள் மேல் எந்த வழக்கும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து ஒரு தாள் போய்விட்டால் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும். அவன் மேல் என்ன வழக்கு இருக்கப்போகிறது? சைக்கிளில் லைட் இல்லாமல் போனதற்குக்கூட அவனை யாரும் பிடித்ததில்லை.

அந்த வாரத்தில்தான் இங்கிலீஷ் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. அவருக்குச் சர் பட்டம். காலையில் பல்கூடத் தேய்க்காமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "ஏலே, நம்மாளு சர் ஆயிட்டாரு! வாலே வெளிய!" என்று தெருவே கேட்கக் கத்தினான். எங்கள் தெரு சைவ வேளாளர் தெரு. அப்பா ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பூசையில் உட்கார்ந்திருந்தவர் தலையை மட்டும் நீட்டி, "யாருக்கு என்ன கெடச்சுதாம்? பரீட்சையில இதக் கேப்பானாமா?" என்றார். கேட்டாலும் கேட்பான் என்று நான் சொன்னேன்.

போஸ்டர் அடிக்கலாம் என்றது அவன். "நான் போறதுக்கு முன்னால ஒரு நாளாவது திருநெல்வேலிச் சொவத்துல அவரு இருக்கணும்லே" என்றான். வாசகம் எழுதியது நான். எழுத்து எனக்குக் கொஞ்சம் வரும் என்ற திமிர். 'பாடிப் பாடிப் பார் வென்றவரே, சர் பட்டம் சூடிய எங்கள் இசை வேந்தே, பொருநைக் கரை உம்மை வாழ்த்துகிறது' என்று ஆரம்பித்து, வாங்கிய விருதுகள் எல்லாவற்றையும் கீழே அடுக்கி, கடைசியில் மன்றத்தின் பெயர், தலைவர் பெயர், கடை விலாசம். செயலாளர் பெயரைப் போடவில்லை. சர்க்கார் உத்தியோகத்துக்கு எழுதுகிறவன் பெயர் சுவரில் இருக்கக்கூடாது என்று அப்பா சொன்னார். எனக்கும் சரியென்று பட்டது. ஒரே பெயர்தான் அச்சானது.

அச்சகத்து அண்ணாச்சி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருவே இது? எந்த ஆளுக?"

"வெள்ளக்காரரு அண்ணாச்சி. பாட்டுக்காரரு."

"வெள்ளக்காரருன்னா சரி. நம்ம பக்கத்து ஆளு எவனயும் இப்ப அச்சடிக்கதுக்கில்ல. கெடக்க கெடப்புல எவன் எதுக்கு அருவாளத் தூக்குவான்னு தெரியல" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வருஷங்களில் எங்கள் ஜில்லா அப்படித்தான் கிடந்தது. ஒரு சிலைக்கு எவனாவது செருப்பு மாலை போடுவான், பஸ் நிற்கும், இரண்டு ஊரில் ஆள் விழும், மறுநாள் சுவர் நிறையக் கண்ணீர் அஞ்சலி. செத்துப்போனவர்களில் பாதிப் பேருக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்காது.

எங்கள் பக்கத்துச் சுவர்களுக்குச் சட்டம் ஒன்று உண்டு. எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் பசை வாளி தூக்குகிற எல்லாருக்கும் தெரியும். சினிமா மேல் சினிமா ஒட்டலாம். கூட்டம் முடிந்த கட்சிக்காரன் போஸ்டர் மேல் எவனும் ஒட்டலாம். இறந்தவர் படத்தின் மேல் மட்டும் பதினாறாம் நாள் கருமாதி முடிகிற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது. அது எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் என் மொபெட்டில் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினோம். மைதா பசை சூடாக இருந்தது. ஜங்ஷன், பேட்டை என்று ஒட்டிக்கொண்டே போய், கடைசி மூன்று போஸ்டர்களோடு சேரன்மகாதேவி ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். வயலுக்கு நடுவில், கால்வாய் மதகுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சுவர். அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. அந்த நிறுத்தத்தில் பஸ் ஏறுகிற ஒரு கல்லூரிப் பெண் என் வாசகத்தைப் படிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான் காரணம்.

சுவரில் அவள் நிற்கிற இடத்துக்கு நேராக, கண்மட்டத்தில், ஒரு கண்ணீர் அஞ்சலி இருந்தது. வெட்டுப்பட்டுச் செத்த ஒரு பையன். என்ன சாதி என்று எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அதை மட்டும்தான் படிப்பீர்கள்.

"அத விட்ரு லே. அங்கன அந்தப் பக்கமா ஒட்டு" என்றான் நண்பன். அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மைல்கல்லில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தான்.

நான் போஸ்டரில் இருந்த இறந்த தேதியைப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினேன். இருபத்தோரு நாள் ஆகியிருந்தது. "பதினாறு முடிஞ்சிட்டுல்லா" என்று சொல்லிவிட்டுப் பசையைப் பூசினேன். எண்ணிக்கை சரிதான். எனக்குத் தெரியாமல் போனது வேறு. அந்தப் பையனின் தெருவில் ஆம்பிளைகளில் பாதிப் பேர் போலீசுக்குப் பயந்து வெளியூரில் இருந்ததால் கருமாதியைத் தள்ளி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பதினாறு இன்னும் வரவே இல்லை. நிறுத்தத்தின் சிமெண்டுப் பெஞ்சில் முக்காடு போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸுக்கு நிற்கிறவர் என்று நினைத்தேன். ஒரு சத்தமும் கொடுக்கவில்லை. நாங்கள் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பிவிட்டோம்.

மத்தியானம் அந்த ரோட்டில் பஸ் ஓடவில்லை. எங்கள் பையன் முகத்தில் எவனோ வேண்டுமென்றே வெள்ளைக்காரனை ஒட்டியிருக்கிறான், கேலி பண்ணுகிறான் என்று கூட்டம் கூடிவிட்டது. ஒரு பஸ்ஸின் கண்ணாடி போயிற்று, டிரைவருக்கு நெற்றியில் ஏழு தையல். எங்கள் போஸ்டரைத் தண்ணீர் ஊற்றிக் கிழித்திருக்கிறார்கள். ஈரத்தில் இரண்டும் சேர்ந்தே உரிந்து வந்துவிட்டன. கிழிந்த தாளின் அடியில் ஒரு பெயரும் கடை விலாசமும் இருந்தன. மூன்று மணிக்குப் போலீஸ் கடைக்கு வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது.

ஸ்டேஷனில் யார் ஒட்டியது என்று கேட்டிருக்கிறார்கள். நான்தான் என்று சொல்லியிருக்கிறான். கூட யார் என்று கேட்டதற்கு, யாருமில்லை என்றிருக்கிறான். இதையெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு ஏட்டு வந்து எங்கள் முன்னறையில் காபி குடித்துக்கொண்டே சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வெளிய போனேன்னா என் பொணத்தத் தாண்டிட்டுப் போ" என்றார் அப்பா. ஏட்டு போனதும் அம்மா அழுதாள். நான் உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். திறந்த பக்கம் எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் நல்ல செய்தி வந்தது. அன்றைக்கு அது நல்ல செய்தியாகத்தான் இருந்தது. இறந்த பையனின் தெருப் பெரியவர்கள் ஸ்டேஷனுக்கு வந்து, எங்களுக்குக் கேஸ் வேண்டாம், ஏற்கெனவே கோர்ட்டுக்கு அலைகிறது போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஒட்டியவன் பையனின் தாயார் முன்னால் வந்து, நான்தான் ஒட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்தம்மாவுக்கு மனசு ஆறினால் போதும் என்றார்களாம். இன்ஸ்பெக்டரும் ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை. அதற்குள் முடிந்தால் எதையும் எழுதுவதில்லை, இல்லையென்றால் இரு பிரிவினருக்குள் பகையைத் தூண்டியதாக வழக்கு. நண்பனை வெளியே விட்டுவிட்டார்கள். கடை மாடியிலேயே தங்கி அந்த விலாசத்தையே கொடுத்திருந்ததால், அவனுடைய பாஸ்போர்ட் விசாரணைத் தாளும் அதே ஸ்டேஷனில், அதே மேசையில்தான் கிடந்தது.

அவன் நேராக அந்தத் தெருவுக்குப் போனான். போய், அந்தம்மா முன்னால் நின்று, நான்தான் ஒட்டினேன் அம்மா, மன்னிச்சிருங்க என்றான்.

அந்தம்மா அவனை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார். "நீ இல்ல" என்றிருக்கிறார். "நான் அங்கனதான் பெஞ்சில இருந்தேன். தெனமும் மொதல்ல போயி அவன் மொகத்தப் பாத்துட்டுத்தான் வருவேன். ஒட்டுனவன் கண்ணாடி போட்டிருந்தான். நீ அந்தப் பக்கம் நின்னே. ஒட்டாதன்னு சொன்னே. அதுவும் எனக்குக் கேட்டுச்சு. நீ போ. கண்ணாடிக்காரன வரச்சொல்லு."

எவ்வளவு சொல்லியும் அந்தம்மா மாறவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அவன் என் வீட்டுக்கு வந்தான். அப்பா வாசலில் வழிமறித்து, நான் ஊரில் இல்லை என்று சொன்னார். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். அவன் சுற்றி வந்து சன்னல் பக்கம் நின்றான். கன்னத்தில் ஸ்டேஷனில் வாங்கிய அடி கன்றிப்போயிருந்தது.

"லே, ஒரே ஒரு தடவ வந்துரு. ஒரு வார்த்த சொன்னாப் போதும். நானும் கூட வாரேன். அந்தம்மா நல்ல மனுஷிதான் லே, தண்ணிகூடக் குடுத்தாவ. வெள்ளிக்கெழமைக்குள்ள. என்ன?"

"வாரேன்" என்றேன்.

"எப்ப?"

"நாளைக்கி. அப்பா குளிக்கப் போகையில."

"நாளைக்கா? சரி. நான் பஸ் ஸ்டாப்புல நிக்கேன்" என்றான். போகும்போது திரும்பி, "பயப்படாத லே, நான் இருக்கேம்லா" என்றான். அவனுக்குத்தான் எல்லாம் போகப்போகிறது, எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலையில் அப்பா குளிக்கப் போனார். குறுக்குத்துறை ஆற்றில் முங்கிவிட்டு, கோவிலும் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். அம்மா அடுக்களையில் இருந்தாள். கதவில் பூட்டு இல்லை, தாழ்ப்பாள்கூட இல்லை. நான் சட்டை போட்டேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன். தெருவாசல் வரை போனேன். அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் அருவாளோடு நாலு பேர் வந்து நிற்பதாக ஒரு நினைப்பு. வெட்டுவார்கள், கண்டிப்பாக வெட்டுவார்கள், பெரியவர்கள் பேச்சை இளவட்டங்கள் எங்கே கேட்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அப்பா வந்ததும் நானே சொன்னேன், நான் நாகர்கோவிலில் அத்தை வீட்டுக்குப் போய் இருக்கிறேன் என்று. அப்பா என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். இன்றைக்கு நினைத்தாலும் அந்த இடத்தில் முதுகு கூசுகிறது.

அத்தை வீட்டில் ஒன்பது நாள் இருந்தேன். மீன் சாப்பிடாத எங்கள் குடும்பத்தில் அத்தை மட்டும் வாழைக்காய்க் குழம்பை மீன் குழம்பு மாதிரி வைப்பாள். மூன்று வேளையும் தின்றேன், தூங்கினேன். வெள்ளிக்கிழமை போயிற்று. சனிக்கிழமை இரு பிரிவினருக்குள் பகையைத் தூண்டியதாக என் நண்பன் மேல் வழக்குப் பதிவாயிற்று. திங்கட்கிழமை பாஸ்போர்ட் தாள் வழக்கு நிலுவையில் உள்ளது என்ற குறிப்போடு மேலே போயிற்று. இதையும் அந்த ஏட்டுதான் வந்து காபி குடித்துக்கொண்டு சொன்னாராம்.

பத்தாம் நாள் ஊருக்கு வந்தேன். வீட்டுக்குப் போகாமல் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வேறு பஸ் ஏறினேன். ஏன் அன்றைக்கு அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. காரியம் கைமீறிப் போனதால்தான் வந்திருக்க வேண்டும். அதற்கு மேல் நல்ல பெயர் அதற்குக் கொடுக்கமாட்டேன்.

அந்தம்மா வீட்டு வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. கண்ணாடியைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தார்.

"நான்தாம்மா ஒட்டினேன்" என்றேன்.

என் முகத்தை நேராகப் பார்த்தார். கோபமா, வெறுப்பா, ஒன்றும் பிடிபடவில்லை.

"ஒட்டையில எம் மவன் மொகத்தப் பாத்தியா?"

"இல்லம்மா. தேதியத்தான் பாத்தேன்."

"சரி" என்றார். "பாத்துட்டு ஒட்டுனியோன்னுதான் எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டுச்சு. பாக்கல. சரி, போ எய்யா."

பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரிச் சொல்லிவிட்டுச் சுளகை மறுபடியும் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். நான் விடவில்லை. காலைத் தொட்டு, ஸ்டேஷனுக்கு வந்து கேஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தப் பையன் துபாய் போக வேண்டியவன் என்று அழுதேன். அந்தம்மா உடனே எழுந்து, புடைத்த நெல்லை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் வந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார்.

ஸ்டேஷனில் நான்தான் ஒட்டினேன் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் என்னையும் அந்தம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தவண குடுத்த வெள்ளிக்கெழம எங்கடா இருந்தே? இன்னாரு மகன்தானே நீ? போ, வீட்டப் பாத்துப் போ. எழுதுனது எழுதுனதுதான். மேல போன தாள என்னால கூப்புட முடியாது" என்றார்.

"இந்தப் பிள்ள மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லய்யா. அந்தப் பிள்ள மேலயும் இல்ல" என்றார் அந்தம்மா.

"இப்ப சொல்லுதீயளே தாயி" என்று சொல்லிவிட்டு அவர் வேறு தாளை எடுத்துக்கொண்டார்.

நண்பன் போகவில்லை. அவன் இடத்துக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேறொருவன் போனான். வழக்கு நாலு வருஷம் வாய்தா வாய்தாவாக நடந்து, சாட்சி யாரும் வராததால் தள்ளுபடியாயிற்று. அதற்குள் அந்த ஓட்டலில் பாட்டுக் குழுவையே எடுத்துவிட்டார்களாம். மெல்லிசைக் குழுவும் அவனை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. போஸ்டர் கேஸ் ஆளை மேடையில் ஏற்றினால் எங்கே என்ன வருமோ என்ற பயம் அவர்களுக்கு. மூத்த அக்காவுக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை. எனக்கு இரண்டாவது பரீட்சையில் உத்தியோகம் கிடைத்தது.

ஸ்டேஷனிலிருந்து அந்தம்மாவை பஸ் ஏற்றிவிட்டு அன்றைக்கே நான் அவன் கடைக்குப் போனேன். தலையில் ஹெட்போனோடு யாருக்கோ பதிந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு காதை மட்டும் விலக்கினான். ஏன் வரவில்லை என்று கேட்பான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்துப் போனேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பஸ் ஸ்டாப்புல உச்சி வெயில் வரைக்கும் நின்னேன்" என்றான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

"இப்ப போயிட்டு வந்தேன் லே. அந்தம்மாவப் பாத்தேன்."

"பாத்தியா?" என்றான். "என்ன சொன்னாவ?"

"ஒட்டையில மொகத்தப் பாத்தியான்னு கேட்டாவ. பாக்கலன்னேன். சரி போன்னுட்டாவ."

"அடிக்க யாரும் வந்தாங்களா?"

"இல்ல. தெருவுல ஆளே இல்ல. அவிய மட்டுந்தான்."

"ஏசுனாவளா?"

"இல்ல. எய்யான்னாவ."

அவன் ஹெட்போனை முழுசாகக் கழற்றி மேசையில் வைத்தான். "எம்புட்டு நேரம் ஆச்சு, எல்லாத்துக்கும்?"

நான் யோசிக்க வேண்டியிருந்தது. பொய் சொல்லலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"ஒரு நிமிஷம் இருக்கும்" என்றேன். "அதுகூட இருக்காது."

"ஒரு நிமிஷமாலே?" என்று கேட்டான்.

நான் ஆமாம் என்றேன்.